எதனோல் ஒட்சியேற்றத்தில் 44 இல் வரும் சைகை: காபனீரொட்சைட்டுத்தானா?

வெள்ளவத்தை மாணவி கேட்டது:

வணக்கம். கொழும்பில் இரசாயனவியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். எதனோல் எரிபொருட் கலத்துக்கு ஒரு பிளாற்றின ஊக்கி தயாரித்திருக்கிறேன். பிளாற்றினத்தைத் தாங்குவதற்கு நம் நாட்டுக் காரீயத்தையே (ஈயம் அன்று, பென்சிலில் வரும் காபன்) அரைத்துப் பயன்படுத்துகிறேன்.

மின்வாயில் உருவாகும் வாயுக்களை உடனுக்குடன் பார்ப்பதற்காகக் கலத்தின் அடியில் நுண்துளை ரெப்லோன் மென்சவ்வு ஒன்று வைத்திருக்கிறோம். துளைகள் 20 நனோமீற்றர் அளவு. அதற்கு அப்பால் வெற்றிடமும் நால்முனைத் திணிவு நிறமாலைமானியும். வரும் மூலக்கூறுகளை அயனாக்கி, திணிவை ஏற்றத்தால் வகுத்து வரும் எண்ணின்படி பிரித்துக் காட்டும் கருவி அது; 44 என்பது அப்படி ஓர் எண். கரைசல் 0.5 மோலார் சல்பூரிக்கமிலம், 0.1 மோலார் எதனோல். மின்னழுத்தத்தைச் செக்கனுக்கு 10 மில்லிவோல்ற்று வீதம் உயர்த்துகிறேன். ஐதரசன் மின்வாய்க்குச் சார்பாக 0.45 வோல்ற்று அளவில் மின்னோட்டம் ஏறத் தொடங்கும்போதே 44 ஆம் எண்ணும் அதனுடன் சேர்ந்து அழகாக ஏறுகிறது. காபனோரொட்சைட்டுப் படலத்தை எரித்து 44 க்கு அளவுதிருத்தம் செய்து கணக்கிட்டால், மின்னோட்டத்தின் 60 விழுக்காட்டுக்கு மேல் காபனீரொட்சைட்டுக்கே போகிறது என்று வருகிறது.

மேற்பார்வையாளர் மிக மகிழ்ச்சியாக இருக்கிறார். ஆய்வரங்குக்குச் சுருக்கம் எழுதச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. தூய பிளாற்றினத்துக்கு எல்லோரும் ஒற்றை இலக்க விழுக்காடு சொல்லும்போது எனக்கு மட்டும் எப்படி 60? ஆய்வுகூடத்தில் ஒருவர் காற்றுக் கசிவு என்கிறார், இன்னொருவர் புதிய கண்டுபிடிப்பு என்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதானைத் தம்பி எழுதியது:

அக்கா, முதலில் கசிவைப் பார்த்துவிடுங்கள். காற்று உள்ளே வந்தால் 28 உம் 32 உம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து ஏறும். 28 ஐ மட்டும் நம்ப வேண்டாம். காபனீரொட்சைட்டு உடைந்தாலும் 28 வரும். 14 ஐயும் பாருங்கள், நைதரசன் என்றால் அது அங்கே நிற்கும். எங்கள் கருவியில் ஒரு வளையத்தை மாற்றியதோடு எல்லாம் சரியாகிவிட்டது.

பழைய பம்பி எழுதியது:

தம்பி சொன்ன சோதனை நல்ல சோதனை, செய்து வையுங்கள். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தாகாது. காற்றில் காபனீரொட்சைட்டு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். அதோடு, கசிவுக்கு மின்னழுத்தம் தெரியாது. 0.45 வோல்ற்றில் ஏறி, திரும்பும்போது இறங்க வேண்டும் என்று எந்த வளையத்தின் ஓட்டைக்கும் யார் சொல்லிக் கொடுத்தது?

தங்கச்சி, உங்கள் மனம் ஒப்பாததுதான் சரி. சுருக்கத்தை அனுப்பாமல் வைத்திருங்கள்.

காபனீரொட்சைட்டின் மூலக்கூற்றுத் திணிவு 44. அசற்றல்டிகைட்டின் மூலக்கூற்றுத் திணிவும் 44. எதனோல் பிளாற்றினத்தின் மேல் அரைகுறையாக ஒட்சியேறும்போது முதலில் வருவது அசற்றல்டிகைட்டுத்தான். 21 பாகை செல்சியசில் கொதிக்கிற பொருள், மென்சவ்வைத் தாண்டி வெற்றிடத்துக்குள் போவதற்கு அதற்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. உங்கள் நால்முனைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கூர்மை கிடையாது. முழு எண்ணில் 44 என்றால் 44.

இலத்திரன் கணக்கைப் போட்டால் 60 எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். ஓர் எதனோல் மூலக்கூறு முழுவதும் எரிந்தால் 12 இலத்திரன். ஒரு காபனீரொட்சைட்டுக்கு 6. அசற்றல்டிகைட்டோடு நின்றால் 2 மட்டுமே. அதாவது ஒரே மின்னேற்றத்துக்கு அசற்றல்டிகைட்டு மூன்று மடங்கு மூலக்கூறுகளை வாயிலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அத்தனை பேரையும் காபனீரொட்சைட்டு என்று பதிந்து, தலைக்கு ஆறு இலத்திரன் வேறு எழுதினால் 60 என்ன, 100 ஐத் தாண்டினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

இனி வழி. அயனாக்கியில் 70 இலத்திரன்வோல்ற்றில் அடிபடும் காபனீரொட்சைட்டு சில வேளைகளில் ஓர் இலத்திரனுக்குப் பதில் இரண்டை இழக்கும். ஏற்றம் இரண்டானால் 44 இன் பாதி, 22 இல் தெரியும். அசற்றல்டிகைட்டு அப்படி இரண்டை இழந்து உடையாமல் நிற்பது மிக அரிது. ஆகவே காபனீரொட்சைட்டுக்கு 22, அசற்றல்டிகைட்டுக்கு அது உடைந்து வரும் துண்டின் எண்ணான 29. இந்தத் துறையில் எதனோலைத் தொட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். 29 இல் எதனோலும் கொஞ்சம் வரும் (அதன் முதன்மை முகடு 31), ஆனால் எதனோல் கரைசல் முழுக்க இருப்பதால் அது ஏறத்தாழ அசையாத தரை. தாக்கம் நடக்காத மின்னழுத்தத்தில் உள்ள மட்டத்தைக் கழித்துவிடலாம்.

22 இல் என்ன சிரமம் என்றால், அது 44 இன் நூற்றில் ஒன்றோ இரண்டோதான். அயன் மின்னோட்டத்தை அப்படியே அளக்கும் பரடே கிண்ணத்தில் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். சைகையைப் பல மடங்காக்கும் இலத்திரன் பெருக்கியைப் போடுங்கள். பத்து எண்களை ஒரே நேரத்தில் ஓடவிடாமல் 22, 29, 44, 31 என்று நான்கோடு நிறுத்தினால் ஒவ்வோர் எண்ணிலும் கருவி அதிக நேரம் தங்கும். உயர்த்தும் வேகத்தையும் பாதியாக்குங்கள். ஆகன் செலுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதன் இரட்டை ஏற்ற அயன் 20 இல் மலைபோல நிற்கும். அதன் அடிவாரம் 22 வரை வழிந்தால் கருவியின் பிரிதிறன் அமைப்பைத் தொட வேண்டிவரும், இல்லாவிட்டால் கவலை இல்லை.

அளவுதிருத்தத்தை 22 க்கே மீண்டும் செய்ய வேண்டும். காபனோரொட்சைட்டை 0.1 வோல்ற்றளவில் பிடித்து ஒட்டவைத்து, மின்னழுத்தத்தை விடாமல், ஆகன் ஊட்டிய தூய அமிலத்தால் கரைசலை மாற்றி, பிறகு மேலே ஏற்றி எரியுங்கள். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு இலத்திரன். ஒரு மில்லிகூலோம் என்றால் 5.18 நனோமூல் காபனீரொட்சைட்டு. அந்தச் சுற்றில் 22 இன் பரப்பளவை அதனால் வகுத்தால் உங்கள் மாறிலி கிடைத்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த மில்லிகூலோமில் ஐந்தில் ஒரு பங்கு வரை காபனோரொட்சைட்டுடையதாக இராது. படலம் போன இடத்தில் சல்பேற்று வந்து உட்காருவதற்கும் இரட்டைப் படையை (மின்வாயை ஒட்டி நிற்கும் ஏற்ற அடுக்கை) நிரப்புவதற்கும் செலவாகும் மின்னேற்றம் அது. அதைக் கழிக்காமல் மாறிலி எடுத்தால் கடைசி விடை அதே அளவு பொய்யாகும்.

நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது வேறொரு வரைபு. 22 ஐ 44 ஆல் வகுத்து, அந்த விகிதத்தை மின்னழுத்தத்துக்கு எதிரே வரையுங்கள். காபனோரொட்சைட்டை எரித்த சுற்றில் அது தட்டையான கோடாக இருக்கும், ஏனென்றால் அங்கே காபனீரொட்சைட்டைத் தவிர வேறு யாரும் இல்லை. எதனோல் சுற்றில் அதே விகிதம் எந்த இடத்தில் சரிகிறதோ அந்த இடத்தில் அசற்றல்டிகைட்டு வந்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் இந்த ஒரு தாளைக் காட்டினால் போதும், நீண்ட விளக்கம் வேண்டாம்.

அசற்றிக்கமிலத்தை இந்தக் கருவி பார்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த நீர்க்கரைசலிலிருந்து அது எளிதில் ஆவியாகாது. 22 க்கும் 29 க்கும் கணக்குத் தீர்த்த பிறகு எஞ்சும் மின்னேற்றத்தை அதன் பெயரில் எழுதுவார்கள். அளந்தது என்று எழுதாமல் கழித்து வந்தது என்று எழுதுங்கள்.

இந்த முறைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1971 இல் புரூக்கென்ஸ்ரைனும் கட்டேயும் நுண்துளை மின்வாயை வெற்றிடத்தோடு இணைத்துக் காட்டினார்கள். 1984 இல் வோல்ற்றரும் ஹைற்பௌமும் டர்போ பம்பிகளால் (உயர் வெற்றிடம் தரும் அதிவேகச் சுழல் பம்பிகள்) படிப்படியாக அழுத்தத்தைக் குறைத்து, மின்னோட்டம் அசையும் கணத்திலேயே வாயுவும் அசைவதைப் பதிந்தார்கள். அதற்குப் பிறகு கலங்கள் மாறின, மென்சவ்வு மெலிந்தது, மென்சவ்வின் இடத்தில் சிலிக்கன் சில்லுகூட வந்துவிட்டது. 44 இல் இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்காருவது மட்டும் மாறவில்லை.

மொறட்டுவையிலிருந்து எழுதியது:

இதே நாற்காலிச் சண்டையின் மறுபக்கம் மின்கல ஆட்களுக்குத் தெரியும். லிதியம்–ஒட்சிசன் மின்கலம் மீண்டும் மீண்டும் மின்னேறுகிறது என்று எல்லோரும் மின்னோட்ட வளையியை மட்டும் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011 இல் கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வுகூடக் குழு திணிவு நிறமாலைமானியை இணைத்துப் பார்த்தபோது, காபனேற்றுக் கரைப்பானில் மின்னேற்றும்போது ஒட்சிசனுக்குப் பதில் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு வந்தது. கரைப்பானே எரிந்துகொண்டிருந்தது. வளையி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாயுவைக் கேட்காமல் விடக் கூடாது.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

பழைய பம்பி ஐயா, மிக்க நன்றி. பெருக்கியைப் போட்டு, நான்கு எண்களோடு, செக்கனுக்கு 5 மில்லிவோல்ற்றில் ஓட்டினேன். 22 தெரிகிறது. விகிதம் 0.5 வோல்ற்றுக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. 22 ஐ வைத்துக் கணக்கிட்டால் 60 என்பது 7 ஆகிவிட்டது.

ஆனால் இப்போது வேறொரு சிக்கல். எதனோலே இல்லாமல், வெறும் அமிலத்தில் ஊக்கியை வைத்து ஓட்டினேன். கலத்தை நிரப்பியவுடன், மின்னழுத்தம் கொடுக்கும் முன்பே 22 உம் 44 உம் உயரமாக இருக்கின்றன. அரை நாள் ஆகியும் முழுதாக இறங்கவில்லை. விகிதம் காபனோரொட்சைட்டுச் சுற்றில் வந்ததே. அதற்கு மேல், 1 வோல்ற்றைத் தாண்டியதும் இரண்டும் மீண்டும் ஏறுகின்றன. எதனோல் இல்லாமல் காபனீரொட்சைட்டு எங்கிருந்து வருகிறது?

கேகாலைக்காரி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் காரீயச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். போகலவும் கஹட்டகஹவும் தரும் காரீயம் பாறை வெடிப்புகளில் நரம்பாகப் படிந்தது. காபன் அளவில் உலகத்திலேயே உயர்ந்த தரங்களில் ஒன்று. ஆனால் அந்த நரம்பில் காரீயம் தனியாக இருப்பதில்லை. படிகக்கல், கல்சைற்று, பைரைற்று எல்லாம் ஆங்காங்கே ஒட்டியிருக்கும். கட்டியை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பளபளப்புக்கு நடுவே வெள்ளைக் கீற்று ஒன்று ஓடும், சில கட்டிகளில் பித்தளை நிறப் பொட்டும் மின்னும். அரைத்தபின் எல்லாம் ஒரே கறுப்பு, எதுவும் தெரியாது.

வெள்ளைக் கீற்று கல்சைற்று என்றால் அது கல்சியங் காபனேற்று. சல்பூரிக்கமிலத்தில் போட்டால் காபனீரொட்சைட்டு வரும் என்பது சாதாரண தர வகுப்பிலேயே படித்தது. அரை நாள் இழுப்பதற்கும் காரணம் இருக்கிறது: கல்சியம் சல்பேற்று கரைவது குறைவு. அது துணிக்கையின் மேல் தோலாகப் படிந்து உள்ளே அமிலம் போவதைத் தடுக்கிறது, அதனால் வாயு கொஞ்சங் கொஞ்சமாகக் கசிகிறது. மின்னழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே பிளாற்றினம் ஏற்றும் முன்பு தூளை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் கழுவுங்கள். கல்சியங் குளோரைட்டு கரைந்து போய்விடும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் விடாமல் கழுவ வேண்டும். குளோரைட்டு மிச்சம் இருந்தால் பிளாற்றினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஊக்கியை முடக்கும். கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பாருங்கள், வெண்மை கலங்காத வரை கழுவுவதை நிறுத்த வேண்டாம்.

பைரைற்று இந்த அமிலத்துக்கு எளிதில் அசையாது. அது ஒட்சியேறினால் வாயு தராமல் மின்னோட்டம் மட்டும் தரும். உங்கள் விழுக்காட்டின் கீழ்ப்பகுதியை அது பெருக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய பம்பி எழுதியது:

கேகாலைக்காரிக்கு ஒரு கும்பிடு. கல்சைற்று என் தலைக்கு வந்திராது.

1 வோல்ற்றுக்கு மேல் வருவது காரீயமே அரிக்கப்படுவது. காபன் நீரோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு ஆவதற்கு வெப்பவியக்கவியல்படி 0.207 வோல்ற்றே போதும். மிக மெதுவான தாக்கம் என்பதால்தான் காபன் மின்வாய்கள் உயிரோடு இருக்கின்றன. மேலே போனால் வேகம் பிடிக்கும், பக்கத்தில் பிளாற்றினம் இருந்தால் இன்னும் கொஞ்சம். உங்களுக்கு வேண்டிய தாக்கம் 0.9 க்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. உச்ச வரம்பை அங்கேயே வையுங்கள். கழுவிய தூளில் எதனோல் இல்லாத சுற்று ஒன்றை முதலில் எடுத்து, அதை எதனோல் சுற்றிலிருந்து கழியுங்கள். 7 இன்னும் இறங்கும். இறங்கட்டும்.

கேட்காமலே இரண்டு விடயம் சொல்கிறேன், கொழும்பில் இந்தக் கருவியோடு வாழ்கிறவர்களுக்கு.

மாலையில் குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போகும் வழக்கம் இருந்தால், கருவி அறைக்கு மட்டும் அதை நிறுத்துங்கள் (வழக்கத்தைச் சொல்கிறேன், குளிரூட்டியை அன்று). 25 பாகையில் நீரின் ஆவியழுத்தம் 32 மில்லிபார், 30 பாகையில் 42. மென்சவ்வின் வழியே வெற்றிடத்துக்குள் போவதில் பெரும்பங்கு நீராவிதான்; அது மூன்றில் ஒரு பங்கு கூடினால் அயனாக்கியின் அழுத்தம் மாறும், எல்லா எண்களின் தரையும் நகரும். காலையில் எடுத்த அளவுதிருத்தத்தை மாலை ஓட்டத்துக்குப் போடவே கூடாது.

மற்றது மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வெட்டியபோது, பலருக்கு டர்போ பம்பியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் கலத்துக்கும் வெற்றிடத்துக்கும் இடையில் உள்ள வால்வு, மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். கையால் மூடும் வால்வை நம்பி இரவு ஓட்டம் போடாதீர்கள். மென்சவ்வு கிழிந்தால் சல்பூரிக்கமிலம் நேரே அயனாக்கிக்குள் போகும். அதன் பிறகு இழை, பெருக்கி, நால்முனைக் கோல்கள் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதுதான்.

மென்சவ்வைத் தூய எதனோலால் கழுவும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 20 நனோமீற்றர்த் துளைக்குள் நீர் போகாமல் நிற்பது அதன் மேற்பரப்பு இழுவிசையாலும் ரெப்லோன் நீரை வெறுப்பதாலும்தான். எதனோலின் மேற்பரப்பு இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்களவே. அது துளைக்குள் இறங்கி வழி போட்டுவிடும், பின்னால் வரும் அமிலம் அதே வழியில் போகும். உங்கள் 0.1 மோலார் கரைசலால் ஆபத்து இல்லை. கழுவுவதற்கு நீர் மட்டும். மாட்டும்போது முனை மழுங்கிய இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். மாட்டியபின் நடுவில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக உருண்டு நின்றால் சரி. பரவிப் படுத்தால் யாரோ விரலால் தொட்டிருக்கிறார்கள், அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

தூளைக் கழுவி மீண்டும் ஊக்கி தயாரித்தேன். நிரப்பியவுடன் வந்த உயரம் போய்விட்டது. உச்சத்தை 0.9 இல் நிறுத்தி, வெற்றுச் சுற்றைக் கழித்தபின் காபனீரொட்சைட்டு 3 விழுக்காடு. மேற்பார்வையாளர் விகித வரைபை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கத்தின் தலைப்பை மாற்றச் சொன்னார். காரீயத்தைக் கழுவுவதையே ஒரு பகுதியாக எழுதலாம் என்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி. 3 விழுக்காடு என்றாலும் சில மூலக்கூறுகளில் காபன்–காபன் பிணைப்பு உடைகிறது அல்லவா? அது எந்த மின்னழுத்தத்தில் உடைகிறது என்று இதே கருவியால் சொல்ல முடியுமா?

பழைய பம்பி எழுதியது:

முடியும். 22 ஐ வைத்து மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் பிணைப்பு உடைவது ஓர் இடம், உடைந்த துண்டு எரிவது இன்னோர் இடம். எதனோலை ஏதாவது ஒரு மின்னழுத்தத்தில், 0.3 வோல்ற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், சில நிமிடம் ஒட்டவிடுங்கள். மின்னழுத்தத்தை விடாமல் கரைசலைத் தூய அமிலத்தால் மாற்றுங்கள். 31 தரைக்கு இறங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு மேலே போகாமல் கீழே இறக்குங்கள். ஒற்றைக் காபன் துண்டு மேற்பரப்பில் இருந்தால் மெதேனாகக் கிளம்பும். அதை 15 இல் பாருங்கள், 16 இல் நீரின் ஒட்சிசன் குழப்பும். உடையாத இரட்டைக் காபன் துண்டு எதேனாக 30 இல் வரும். ஒட்டும் மின்னழுத்தத்தை 0.1 வோல்ற்றுப் படியாக மாற்றி இதையே திரும்பச் செய்தால் உங்கள் கேள்விக்கு விடை வந்துவிடும். காரீயத்தில் கரைசலை மாற்ற நேரம் எடுக்கும், துளைகளுக்குள் எதனோல் ஒளிந்திருக்கும். 31 ஐப் பார்க்காமல் அவசரப்பட வேண்டாம்.